தன் வாய்க்கு வராத கை

அன்றைக்குக் கோயிலில் இருந்தவர்கள் இவ்வளவு பேர். பீடத்தில் பங்கிராஸ் சாமி ஒருவர். வடக்கு வாசல் வழியாக வந்து வடக்குப் பக்கம் உட்கார்ந்த ஆண்கள் முப்பத்தொருவர், பெண்கள் முப்பத்தெட்டுப் பேர். தெற்கு வாசல் வழியாக வந்து தெற்குப் பக்கம் உட்கார்ந்த ஆண்கள் நாற்பத்துநான்கு பேர், பெண்கள் ஐம்பத்தேழு பேர். புதுநன்மை வாங்காத, அப்பம் பெற வயது வராத சிறுபிள்ளைகள் இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்தாறு. பீடத்துக்குப் பக்கத்தில் தட்டேந்தி நின்ற நான் ஒருவன். வாசலில் செருப்புகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பந்தல்காரர் பெருமாள் ஒருவர். அவர் நம் வேதம் இல்லை, மழைக்கு ஒதுங்கியவர். நடுவில், இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் வைத்த பெட்டிக்குள் பிரகாசி, பங்கிராஸ் சாமியைப் பெற்றவள். பூசைக்கு முன்னால் அப்பம் எடுத்து வைப்பது என் வேலை. கைப்பழக்கத்தில் அவளுக்கும் ஒன்று சேர்த்து எடுத்து வைத்துவிட்டேன். ஆகச் சின்ன அப்பம் நூற்று எழுபத்திரண்டு. சாமிக்குப் பெரிய அப்பம் ஒன்று.

எங்கள் ஊர் சூசையேந்தலில் வடக்கு வாசல் கோயில் தெருவுக்கு, தெற்கு வாசல் மூட்டத் தெருவுக்கு. கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் மூடி, உள்ளே புகைய விட்டுக் கரியாக்கிப் பிழைக்கிற தெரு அது. இந்த வாசல் இன்னாருக்கு என்று எந்தக் கல்லிலும் வெட்டியிருக்கவில்லை, எந்தச் சாமியாரும் பிரசங்கத்தில் சொன்னதில்லை, ஆனால் கண் தெரியாத கிழவன்கூட மழையிலும் இருட்டிலும் தன் வாசலைத் தவறவிட்டதில்லை. அதேபோல நன்மை என்கிற திவ்ய அப்பத்தை வாங்கப் பீடத்துப் படியில் முதலில் கால் வைப்பது பெரிய வீடு. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். பெரிய வீடு என்றால் மதலைமுத்து. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், அளந்து பேசுகிறவர், ஊர்த் தேருக்கு முதல் வடம் பிடிக்கிறவர்.

பங்கிராஸ் மூட்டத் தெருப் பிள்ளை. அந்தத் தெருவிலிருந்து, ஏன், தெற்கு வாசல் வழியாக நுழைந்தவர்களிலிருந்தே, குருப்பட்டம் வாங்கிய முதல் ஆள். உயிர்ப்புத் திருநாள் கழிந்த வெயில் மாதத்தில், பட்டணத்துப் பெரிய கோயிலில், தரையில் குப்புற விழுந்து கிடந்து எழுந்த அவருடைய உள்ளங்கைகளில் ஆயரான மேற்றிராணியார் எண்ணெய் பூசி வெள்ளைத் துணியால் கட்டினார். கட்டை அவிழ்த்தவள் பிரகாசி. அந்தத் துணி தாய்க்குத்தான் சேரும், அவள் சாகும்போது அவள் கையில் கட்டி அனுப்புவார்கள், மோட்ச வாசலில் அவள் அதைக் காட்டினால் போதும் என்பது வழக்கம். பிரகாசியின் விரல் ரேகைகளில் கரி ஏறியிருந்தது, எந்தச் சோப்புக்கும் போகாத கரி. துணியில் படக்கூடாது என்று அவள் நகத்தால் மட்டும் முடிச்சை அவிழ்த்ததை எல்லோரும் பார்த்தோம்.

மறுநாள் ஊரில் புதுப்பூசை. தைரியநாதர் சாமி, எங்கள் பங்குச் சாமியார், பக்கத்தில் நின்றார். பாட்டு, தூபம், அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்றம் எல்லாம் முறையாக நடந்தன. பூசை செய்கிறவர் முதலில் தான் நன்மை உட்கொள்ள வேண்டும். உட்கொள்ளாவிட்டால் பூசை முடிந்ததாகாது. பங்கிராஸ் சாமி பெரிய அப்பத்தைக் கையில் எடுத்தார், வாயைத் திறந்தார், கை நெஞ்சு வரைக்கும் ஏறியது, அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி முயன்றார். மரக்கிளை மாதிரி நின்றது. தைரியநாதர் சாமி புதுப்பிள்ளைக்கு நடுக்கம் என்று நினைத்துக்கொண்டு, அப்பத்தை வாங்கி அவர் வாயில் வைத்தார். நாங்களும் நடுக்கம் என்றே நினைத்தோம்.

நடுக்கம் இல்லை என்பது விருந்தில் தெரிந்தது. பெருமாள் போட்ட பந்தலில், புதுச் சாமிக்கு வலது பக்கம் பங்குச் சாமியார், இடது பக்கம் முதல் மரியாதைக்குரிய மதலைமுத்து. அவர் மூட்டத் தெரு விருந்துக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. சாமியார் ஆகிவிட்டவருக்கு ஏது தெரு என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். பங்கிராஸ் சாமி கறிக்குழம்பைச் சோற்றில் பிசைந்து உருட்டி எடுத்தார். கை அவர் வாய்க்குப் போகாமல் இடது பக்கம் திரும்பி, உப்பு கேட்பதற்காகத் திறந்திருந்த மதலைமுத்துவின் வாய்க்குள் உருண்டையை வைத்துவிட்டு, மீண்டும் இலைக்கு வந்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டது.

துப்பினால் புதுப்பூசை விருந்தைத் துப்பியதாகும். மதலைமுத்து பங்குச் சாமியாரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கண்ணை மூடினார், விழுங்கினார். அவருடைய தொண்டை மேலே ஏறி இறங்கியதைக் கோயில் தெருவும் பார்த்தது, மூட்டத் தெருவும் பார்த்தது.

பங்கிராஸ் சாமியின் தாய்மாமன் தொம்மை, சாவு வீட்டிலும் சிரிக்க வைக்கிற ஆள், சாம்பார் வாளியோடு அந்தப் பக்கம் வந்தவர் சொன்னார்: "பெரிய வீட்டய்யாவுக்கு வெறும் வாயாவே போகுது பாருங்க. இன்னொரு உருண்டை குடுங்க சாமி."

மதலைமுத்து எழுந்து கை கழுவிக்கொண்டு போனார். வாயைக் கொப்பளித்தாரா என்று இரண்டு தெருவும் எட்டிப் பார்த்தன. கொப்பளிக்கவில்லை. ஏன் கொப்பளிக்கவில்லை என்று அவர் வீட்டு ஆட்கள் அவரிடம் கேட்கவுமில்லை, ஒரு மாதம் அவரோடு சரியாகப் பேசவுமில்லை.

அன்று முதல் அந்தக் கைகள் பங்கிராஸ் சாமிக்கென்று ஒன்றும் செய்யவில்லை. அவர் வாய்க்குச் சோறு கொண்டுபோகவில்லை, அவர் அங்கிக்குப் பித்தான் மாட்டவில்லை, அவர் நெற்றியில் உட்கார்ந்த கொசுவை விரட்டவில்லை. இலையில் வாய் வைத்து மாடு மாதிரித் தின்றுவிடலாம் என்று குனிந்து பார்த்தார். கைகள் இலையை இழுத்துத் தெருநாய்க்கு வைத்துவிட்டன. தொம்மை ஒரு தந்திரம் சொன்னார். கண்ணைக் கட்டிக்கொண்டு, இந்தச் சோறு பிரகாசி மகனுக்கு, பாவம் ஏழைப் பையன், என்று கையிடம் சொல்லச் சொன்னார். கை ஏமாறவில்லை.

மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். நரம்பு நல்ல நரம்பு, எலும்பு நல்ல எலும்பு என்று டாக்டர் சொன்னார்; சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாமியின் கை டாக்டருடைய மேசையில் கவிழ்ந்திருந்த பேனாவை மூடி நிமிர்த்தி வைத்தது.

ஊர் எதற்கும் பழகிவிடும். ஒரு மாதத்துக்குள் தெருவில் எதிரே வருகிறவர்கள், "சாமி, கொஞ்சம் நில்லுங்க, கன்னத்துல கொசு" என்று தட்டிவிட்டுப் போகப் பழகினார்கள். வண்ணார் வீட்டுப் பெண் பித்தான் இல்லாமல் அங்கி தைத்துக் கொடுத்தாள். அதற்குள் இன்னொன்றும் தெரிந்துபோனது. தனக்குச் செய்யாத அந்தக் கைகள் மற்றவர்களுக்குச் செய்வதில் களைப்பதே இல்லை. கேட்டால் போதும், கேட்காவிட்டாலும் போதும், கிணற்றில் தூர் எடுத்தன, மிளகாய்ப் பழம் பறித்தன, முள் வெட்டின, குழந்தையின் சளி துடைத்தன, கன்று குறுக்கே சிக்கிய பசுவுக்குள் முழங்கை வரை போய்த் திருப்பின, யாரும் கிட்டப் போகாத புண்ணைக் கழுவின, செத்தவனுக்குக் குழி வெட்டின. கோயில் தெருவில் யார் வீட்டில் வேலை இருந்தாலும் சாமியைக் கூப்பிட்டார்கள். மூட்டத் தெருக்காரர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கிற கூலியும் கொடுக்க வேண்டியதில்லை, சாமியார் வீட்டுக்கு வந்தார் என்ற பெருமையும் கிடைத்தது. ஆனால் வேலை முடித்து அவர் வாசலில் நிற்கும்போது, மோரை டம்ளரில் ஊற்றித் திண்டில் வைத்துவிட்டு, "எடுத்துக் குடிங்க சாமி" என்று உள்ளே போய்விடுவார்கள். அவரால் எடுத்துக் குடிக்க முடியாது என்பது அவர்களுக்கு மறந்துபோயிற்றா, மறந்ததுபோல இருந்தார்களா என்பதை நான் தீர்த்துச் சொல்ல முடியாது. டம்ளர் அப்படியே இருக்கும். சாமி தோளால் கண்ணுக்கு மேல் வழிகிற வேர்வையை ஒற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் நடப்பார்.

பிரகாசிதான் ஊட்டினாள். அவளுக்கு முடியாத அன்று தொம்மை ஊட்டினார். வெளியே அவள் மகனைச் சாமி என்றுதான் சொல்வாள், வாங்க போங்க என்றுதான் பேசுவாள். சோற்றுத் தட்டின் முன்னால் மட்டும் அது கலையும்.

"வாயத் தெறங்க சாமி. தெறடா. மெல்லு. இப்பிடி முழுங்குனா வயித்துல எப்பிடி ஒட்டும்?" என்பாள்.

ஒருநாள் கேட்டாள்: "தரையில கெடந்தப்ப நீ ஆண்டவர்கிட்ட என்னத்தக் கேட்ட?"

"கேக்கல ஆத்தா. குடுத்தேன். இந்தக் கை எனக்கு இல்ல, உமக்குன்னு சொன்னேன்."

பிரகாசி உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள். "எல்லாச் சாமியாரும் அப்பிடித்தான் சொல்றாக. உன்னைய மட்டும் எதுக்கு நம்புனாரு?"

மேற்றிராணியார் நேரில் வந்து பார்த்தார். நல்ல மனிதர், வந்த இடத்தில் சாமியின் கை அவருடைய செருப்பு வாரைச் சரிசெய்தபோது கண் கலங்கினார். ஆனால் கண்டிப்பாகச் சொன்னார்: "தைரியநாதர் கூட நிக்கிற வரைக்கும் சரி. தனியா ஒரு பூசையை முடிக்க முடியாத கையை நான் எந்த ஊருக்கு அனுப்புறது? கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்போம். அதுக்கப்புறம் பூசை வேண்டாம், ஆபீஸ்ல இருக்கட்டும்."

அன்றைக்குப் பிறகு பிரகாசி தினமும் மாதா சிலை இருக்கிற கெபி முன்னால் முழங்காலில் நின்றாள். மகன் கை சரியாகட்டும் என்று வேண்டுகிறாள் என்று நினைத்துக் கேட்டபோது, "கை சரியாத்தான் இருக்கு" என்றாள். வேறு எதற்கு வேண்டினாள் என்று சொல்லவில்லை.

பெரிய வீட்டிலும் அந்தக் கைகளுக்கு வேலை வந்தது. மதலைமுத்துவின் மனைவி சலேத்தம்மாள் ஒரு பக்கம் விழுந்து இரண்டு வருடமாகக் கட்டிலில் கிடந்தாள், முதுகில் புண். மருமகள்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு செய்த வேலையைச் சாமி தினமும் போய்ச் செய்தார். புரட்டி, துடைத்து, மருந்து வைத்து, தலை வாரிவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு நன்மை கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் குழறலாகக் கேட்பாள்: "சாமிக்கு யாரு ஊட்டுறா?"

மதலைமுத்து வாசற்படியில் நின்றபடி சொல்வார்: "அவுக ஆத்தா இருக்கா."

கார்த்திகை மாதம், அடைமழையில், ஒரு மத்தியானம், அந்த ஆத்தா செத்துப்போனாள். மகனுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போதே. ஐந்தாவது வாய் அவள் விரல்களில் இருந்தது. சுவரில் சாய்ந்தவள் அப்படியே இருந்துவிட்டாள், உருண்டை கலையவில்லை. பங்கிராஸ் சாமி அந்த உருண்டையை வாயால் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவர் கைகள் அவளைத் தாங்கிப் படுக்க வைத்தன. குளிப்பாட்டின, சேலை கட்டின, வெள்ளைத் துணியை எடுத்து அவள் கைகளைச் சேர்த்துக் கட்டின. கரி விரல்கள் துணியில் நன்றாகப் பட்டன. தன் கண்ணீரை மட்டும் அந்தக் கைகள் துடைக்கவில்லை. துடைத்தவர் தொம்மை, தன் துண்டால், விடிய விடிய. இழவு வீட்டில் அடுப்பு எரியவில்லை, யாரும் சாப்பிடவில்லை.

தைரியநாதர் சாமி மூன்று நாள் தியானத்துக்காகப் பட்டணம் போயிருந்தார். ஓடைப் பாலத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. வெளியூர்ச் சாமியார் யாரும் வர வழியில்லை, நன்மை கொடுக்கக் கன்னியர் மடமும் எங்கள் ஊரில் இல்லை. பிணம் காத்திருக்காது. காலை பத்து மணிக்கு மணி அடித்தேன். பங்கிராஸ் சாமி முதல்முறையாகத் தனியாகப் பீடம் ஏறினார். நான் முதலில் சொன்ன அத்தனை பேரும் வந்து, அவரவர் வாசல் வழியாக நுழைந்து, அவரவர் பக்கம் உட்கார்ந்தார்கள்.

எழுந்தேற்றம் வரைக்கும் ஒன்றும் இல்லை. பிறகு அந்த நேரம் வந்தது. சாமி பெரிய அப்பத்தை எடுத்தார். கை நெஞ்சு வரைக்கும் ஏறி நின்றது.

நாங்கள் எல்லோரும் எதற்குக் காத்திருந்தோம் என்று தெரியவில்லை. பெற்றவளின் பூசைக்காவது கை இரங்கும் என்று நினைத்திருக்கலாம். இரங்கவில்லை. அவர் குனிந்து பார்த்தார். கையும் அதோடு கீழே இறங்கியது, அவர் நிமிர்ந்ததும் மறுபடி நெஞ்சுக்கு ஏறி நின்றது. கூரையில் மழை. இப்படியே நின்றால் பூசை முடியாது, பூசை முடியாமல் பிரகாசி குழிக்குப் போக வேண்டும், கிறிஸ்துமஸ் வரைக்கும்கூடக் காத்திருக்காமல் அவள் மகன் ஆபீசுக்குப் போக வேண்டும். இது அங்கே இருந்த சிறுபிள்ளைகளுக்கும் தெரிந்தது.

சாமி எங்களைப் பார்த்துச் சொன்னார்: "என்னால முடியல. யாராவது ஒருத்தர் வந்து குடுங்க."

யாரும் அசையவில்லை. எங்கள் ஊரில் நன்மையை நாவில்தான் வாங்குவது, பல்லில் படவிடுவதில்லை, கையால் தொட்டால் கை அழுகும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் அப்பத்தை எடுத்து வைக்கிற என் கையும், எழுந்தேற்றத்துக்குப் பிறகு அதைத் தொட்டதில்லை. அன்றைக்கும் தட்டைவிட்டு விலகவில்லை. தெற்குப் பக்கம் தொம்மை பாதி எழுந்தார். அவர் மனைவி துண்டைப் பிடித்து இழுத்தாள். "நன்மையத் தொடப் போறீகளா? வெளங்குமா?"

சாமி அதைக் கேட்டார். "தொடலாம்," என்றார். "நான் சொல்றேன், தொடலாம். பாவம்னா அது என் மேல வரட்டும்."

அப்படிச் சொன்ன பிறகு அந்தப் பயம் போய்விட்டது. போன பிறகும் கோயில் தெரு அசையவில்லை. அப்பத்தைத் தொடுகிற பயம் விலகிய இடத்தில், அடியில் வேறொன்று கிடந்தது, அதை அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம்: அந்த வாய். அந்த வாய்க்கு விரலைக் கொண்டுபோவது. கிணற்றில் தூர் எடுத்த மூட்டத் தெருக்காரரின் வாய். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

தொம்மை மனைவியின் கையை விலக்கிவிட்டு நடந்து வந்தார். பீடத்துப் படி வரைக்கும் வந்தார். அங்கே நின்றுவிட்டார். பெரிய வீடு ஏறாத படியில் அவர் கால் ஒருநாளும் ஏறியதில்லை. ஊரையே கேலி செய்கிற மனிதருக்கு அந்தக் கால் ஏறவில்லை. படியைப் பார்த்தார், வடக்குப் பக்கம் திரும்பி மதலைமுத்துவைப் பார்த்தார்.

"ஐயா," என்றார்.

மதலைமுத்து எழுந்தார். எப்போதும் நன்மை வாங்க வருவதுபோலவே, கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு வந்தார். படியேறினார். பழக்கத்தில் வாயைத் திறந்தார்.

அவ்வளவு நேரம் நெஞ்சில் நின்றிருந்த சாமியின் கை உடனே அசைந்தது. பெரிய அப்பத்தோடு மதலைமுத்துவின் வாயை நோக்கிப் போனது. தனக்கென்று எடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்க அந்தக் கைக்கு ஒரு நொடி போதும். அப்பம் உதட்டருகே வந்தபோது மதலைமுத்து வாயை மூடினார். இரண்டு கையாலும் சாமியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அது இறங்கப் பார்த்தது, இவர் விடவில்லை.

"முதல் வாய் வாங்குனது நானு," என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் மழையிலும் எல்லோருக்கும் கேட்டது. "அந்தப் பந்தல்ல. அது இன்னும் எனக்குள்ள இறங்கல."

முதலில் இடது கையால் அப்பத்தை எடுத்தார். தவறு தெரிந்து வலது கைக்கு மாற்றினார். மாற்றும்போது அப்பத்தின் ஓரம் உடைந்து என் தட்டில் விழுந்தது. சொல்ல வேண்டிய சொல் அவருக்குத் தெரியும், ஆயிரம் முறை கேட்டிருக்கிறார்.

"கிறிஸ்துவின் உடல்."

"ஆமென்," என்று பங்கிராஸ் சாமி வாயைத் திறந்தார்.

விரல் நாக்கில் பட்டது. உடைந்த துண்டையும் என் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிறகு ரசக் கிண்ணத்தை எடுத்து, குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோலத் தாடையைத் தாங்கிப் பிடித்துச் சாய்த்தார். சாமி கண்ணைத் திறக்காமல் குடித்தார். விரல் கழுவ நான் தண்ணீர் நீட்டினேன். மதலைமுத்து தலையை ஆட்டி மறுத்துவிட்டு, ஈர விரல்களைத் துடைக்காமல் அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார், அவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாதவர்போல.

சாமியின் கை சின்ன அப்பங்களை எடுத்தது. முதலில் மதலைமுத்து வாங்கினார். அடுத்தது தொம்மை, நின்ற இடத்திலேயே இருந்ததால். அதற்குப் பிறகு வரிசையில் வடக்கும் தெற்கும் கலந்துபோயிற்று, பிரிக்க நேரமில்லை. நானும் வாங்கினேன். சாமி அப்பக் கிண்ணத்தோடு வடக்குப் பெஞ்சுகளின் முன்னால் வந்து நின்றார். அங்கே சிலர் எழுந்திருக்கவில்லை. முன்பு நாவை நீட்டிய அதே வாய்களை இறுக மூடிக்கொண்டு, பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மதலைமுத்துவின் மூத்த மகனும் அதில் ஒருவன். கை அப்பத்தை நீட்டியபடியே இருந்தது, வெகுநேரம் இருந்தது. பிறகு சாமி திரும்பிப் பீடத்துக்கு வந்து, பூசையை முடித்தார்.

பிரகாசியைப் புதைத்தோம். குழியை மூடியது மகன் கைகள்தான். மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு, சேற்றுக் காலோடு கோயிலுக்கு வந்து, மீதியிருந்ததில் ஓர் அப்பத்தை எடுத்துச் சின்னப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அவர் பெரிய வீட்டுக்கு நடந்தார். அன்று வெள்ளிக்கிழமை. நான் குடை பிடித்துக்கொண்டு போனேன்.

சலேத்தம்மாள் விழித்திருந்தாள். அவள் நாவில் நன்மையை வைத்து, அவளைப் புரட்டிப் படுக்க வைத்து, தலையை வாரி முடித்த பிறகு, அவள் சாமியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஊரில் மணி அடித்தது அவளுக்கும் கேட்டிருக்கும்.

"இன்னிக்கு யாரு ஊட்டுனது?" என்று கேட்டாள்.

மதலைமுத்து இந்தத் தடவை வாசற்படியில் இல்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவள் அதைப் பார்த்தாள்.

கோயிலுக்குத் திரும்பி வந்து அப்பக் கிண்ணத்தைத் திறந்து எண்ணினேன். பிரகாசிக்கு என்று நான் எடுத்து வைத்த ஒன்று பெரிய வீட்டுக் கட்டிலுக்குப் போயிருந்தது. மீதி பதினேழு.